பையில் மூன்று கற்கள், காதில் ஓர் அழுகுரல்

கோயில் காலியாகிவிட்டது. பலி முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. பள்ளத்தில் தீக்குழம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது. சிலையின் காலடியில் மூன்று கற்கள். ஒரு மனிதன் பதுங்கிப் பதுங்கி வந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தோள்பைக்குள் போட்டுக்கொள்கிறான். எதைத் தேடி வந்தானோ அது கிடைத்துவிட்டது. கூட வந்த பெண்ணும் சிறுவனும் மேலே காத்திருக்கிறார்கள். வந்த வழியே திரும்பினால் உயிரும் மிச்சம், கற்களும் மிச்சம்.

அப்போதுதான் சிலைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வருகிறது.

சத்தம் வந்த பக்கம் நடக்கிறான். கீழே எட்டிப் பார்த்தால் சுரங்கம். சங்கிலி பூட்டிய குழந்தைகள் மண் தோண்டுகிறார்கள், சுமக்கிறார்கள், வண்டி தள்ளுகிறார்கள். ஒரு சிறுவன் சோர்ந்து விழுகிறான். காவலாளி அவனை அடிக்கிறான். மேலே நிற்பவன் தரையில் கிடந்த கல் ஒன்றை எடுத்து அந்தக் காவலாளி மேல் எறிகிறான். பைக்குள் இருப்பவை விலை சொல்ல முடியாத கற்கள். கைக்கு அகப்பட்டதோ யாருக்கும் வேண்டாத ஒரு கல். அதை எறிந்ததால்தான் அவன் பிடிபடுகிறான்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி, 1984 மே 23 அன்று அமெரிக்காவில் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தின் நடுவே வரும் காட்சி இது. கதை நடப்பது இந்தியாவில். ஆனால் இந்தியர்கள் பலருக்கு இந்தப் படம் என்றதும் நினைவுக்கு வருவது குரங்கு மூளை விருந்தும், நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கும் பூசாரியும், ரத்தம் கேட்கும் காளியும்தான். அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபத்தில் இன்னொன்று கண்ணில் படாமலே போய்விட்டது. தன் ஆதாயத்தையே குறியாகக் கொண்ட ஒருவன், முகம் தெரியாத குழந்தைகளுக்காகத் தன்னையே கொடுக்கத் துணிவதை இவ்வளவு துலக்கமாகச் சொன்ன சாகசப் படங்கள் குறைவு. இந்தப் படத்தின் பெருமையையும் பிழையையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாது. நாயகனின் மனத்தை மாற்றத் தெரிந்த படத்துக்குத் தன் பார்வையை மாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

முள்கரண்டி பிடித்த கை

படம் தொடங்குவது 1935இல், ஷாங்காய் நகரத்து இரவு விடுதி ஒன்றில். இண்டியானா ஜோன்ஸ் தொல்லியல் பேராசிரியன். அன்றிரவு அவன் வந்திருப்பது வியாபாரத்துக்கு. மஞ்சூ வம்சத்தின் முதல் பேரரசர் நூர்ஹாச்சியின் அஸ்தியை லாவ் சே என்ற தாதாவிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு வைரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டு மன்னரின் சாம்பல் அவனுக்குப் பண்டமாற்றுச் சரக்கு. பேரம் முறுக்கிக்கொண்டதும், பக்கத்தில் இருக்கும் பாடகி வில்லி ஸ்காட்டை இழுத்து, ஒரு முள்கரண்டியை அவள் விலாவில் வைத்து மிரட்டுகிறான். அவளோடு அவனுக்கு எந்தப் பகையும் கிடையாது. வைரம் கைக்கு வர அவள் உயிரைப் பணயம் வைக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றுகிறது, வைக்கிறான். அந்த வைரம் கடைசியில் நடனத் தரையில் சிதறிய பனிக்கட்டிகளோடு கலந்து காணாமல் போகிறது. எது வைரம், எது பனிக்கட்டி என்று தெரியாமல் வில்லி தரையெல்லாம் துழாவுகிறாள். ஜோன்ஸ், தான் குடித்த விஷத்துக்கு மாற்று மருந்தைத் தேடித் துழாவுகிறான்.

கதை எழுதிய ஜார்ஜ் லூகாஸும், திரைக்கதை எழுதிய வில்லார்ட் ஹைக், குளோரியா காட்ஸ் தம்பதியும் அவனை முழுக்க ஈரமில்லாதவனாக விட்டுவிடவில்லை. அவனோடு ஷார்ட் ரவுண்ட் என்றொரு பொடியன் இருக்கிறான். ஷாங்காய் மீது குண்டு வீசப்பட்டபோது குடும்பத்தைப் பறிகொடுத்துத் தெருவில் வளர்ந்தவன். ஜோன்ஸின் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பிடிபட்டவன். பிடித்தவன் அவனைப் போலீசில் ஒப்படைக்காமல் கூடவே வைத்துக்கொண்டான். ஆக, இரக்கம் அவனிடம் முன்பே இருக்கிறது. ஆனால் அது ‘என்னைச் சேர்ந்தவர்கள்’ என்று அவன் போட்டிருக்கும் வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நிஜ உலகத்தில் தன்னலக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார்கள். சொந்தப் பிள்ளைக்கு உயிரையே கொடுப்பார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளை பட்டினி கிடந்தால் கண்ணில் படாது. திரைக்கதை தொடங்குகிற இடம் இது என்பதால்தான் பிறகு வரும் மாற்றம் நம்பும்படி இருக்கிறது.

ஷாங்காயிலிருந்து தப்பி வரும் விமானம் விழ, மூவரும் ரப்பர்ப் படகில் பனிச்சரிவில் வழுக்கி, ஆற்றில் அடித்துக்கொண்டு வந்து கரை ஒதுங்குகிறார்கள். மாயாபூர் என்ற கற்பனைக் கிராமம். ஊர்ப் பெரியவர் அவர்களைச் சிவபெருமான் அனுப்பிவைத்தவர்களாகவே நம்புகிறார். ஊரைக் காத்த புனிதக் கல்லைப் பாங்கோட் அரண்மனைக்காரர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். கிணறு வற்றியது. வயல் காய்ந்தது. பிறகு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டார்கள். பறிபோன கல்லில் குறுக்காக மூன்று கோடுகள், விபூதிப் பட்டை போல.

அன்றிரவே, அரண்மனையிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுவன் தள்ளாடியபடி வந்து ஜோன்ஸின் கைகளில் விழுகிறான். எலும்பும் தோலுமான உடம்பு. அவனிடம் ஒரு துணிக் கிழிசல், அதில் ஊர் இழந்த கல்லும் சேர்ந்த சங்கரரின் கற்களைப் பற்றிய ஓவியம். தாய் ஓடி வந்து மகனை வாரி அணைத்துக்கொள்கிறாள். ஜோன்ஸின் கண் துணியை விட்டு நகரவில்லை. என்ன இருக்கிறது அதில் என்று ஷார்ட் ரவுண்ட் கேட்கும்போது, செல்வமும் புகழும் இருக்கலாம் என்கிறான். அரண்மனைக்கு அவன் புறப்படுவதற்கு அந்த ஊரின் கண்ணீர் ஒரு காரணம். இது பெரிய காரணம்.

சூடுபட்டு விழித்தவன்

அரண்மனைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரங்கத்தில் கல் எறிந்து பிடிபட்ட பிறகு அவனுக்கு நடப்பதுதான் படத்தின் மையம். காளியின் ரத்தம் என்று சொல்லி ஒரு பானத்தை அவன் வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றுகிறார்கள். குடித்தவன் விழித்த கண்ணோடு உறங்குகிறவனாகிவிடுகிறான். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சும் ஷார்ட் ரவுண்டை அறைந்து தள்ளுகிறான். தீக்குழம்புக்குள் இறக்கப்போகும் கூண்டில் வில்லியைத் தன் கையாலேயே பூட்டுகிறான். ஷாங்காயில் முள்கரண்டியை அவள் விலாவில் வைத்த அதே கை. அங்கே வைரம் என்ற ஒரு நோக்கமாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் வலி எட்டாத மரத்துப்போன நிலை மட்டும்தான். தன்னலம் முற்றினால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பேச்சு இல்லாமல் காட்டுகிற இடம் இது.

அவனை மீட்பவன் ஒரு சிறுவன். சுரங்கத்தில் மயக்கத்தில் திரிந்த காவலாளி ஒருவன் காலில் தீக்குழம்பு பட்டதும் சட்டென்று தெளிந்ததை, தானும் பிடிபட்டு அங்கே கிடந்த ஷார்ட் ரவுண்ட் பார்த்திருந்தான். சங்கிலியை உடைத்துக்கொண்டு மேலே ஓடி வருகிறான். அறைந்தவன் என்று கோபித்து விலகவில்லை. தீப்பந்தத்தைப் பிடுங்கி, தன் அன்புக்குரியவனின் விலாவில் வைத்துச் சுடுகிறான். அலறலோடு ஜோன்ஸ் கண் திறக்கிறான். பிறகு பையனைப் பார்த்து மெல்ல ஒரு கண்ணைச் சிமிட்டுகிறான். உபதேசம் எதுவும் கிடையாது. அடிபட்ட பிள்ளை கைவிடாமல் நின்றதும், உடம்பில் பட்ட ஒரு சூடும்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவருகின்றன.

வில்லி மீண்டாகிவிட்டது, கற்கள் மறுபடி கைக்கு வந்தாகிவிட்டது. இங்கிருந்து போய்விடலாம் என்கிறாள் அவள். போகலாம், எல்லோரும் சேர்ந்து என்கிறான் ஜோன்ஸ். மூன்று பேருக்குள் நின்றிருந்த ‘நாம்’ அந்தப் பதிலில் சுரங்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிறது. அடுத்த சில நிமிடங்களில் சங்கிலிகள் அறுபடுகின்றன. கை கால் விடுபட்ட பிள்ளைகள் படிகளில் திமுதிமுவென்று ஓடுகிறார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் அவன் தன் உயிரைப் பற்றி யோசிக்கிறான். வழக்கமான சாகசப் படத்தில் நாயகன் ஓடுவான், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். இங்கே அவன் கடைசி ஆள்.

கயிற்றுப் பாலத்தின் மீது நடக்கும் இறுதிச் சண்டையில் மூன்று கற்களில் இரண்டு ஆற்றில் விழுந்துபோகின்றன. சூடேறிக் கனலும் கல் பூசாரி மோலா ராமின் கையைப் பொசுக்குகிறது. அதே கல் ஜோன்ஸின் கையில் அமைதியாகத் தங்குகிறது. ஊருக்குத் திரும்பி, மிஞ்சிய அந்த ஒற்றைக் கல்லைப் பெரியவரிடம் கொடுக்கிறான். இதன் சக்தி இப்போது புரிகிறது என்கிறான். நீயே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று வில்லி கேட்கும்போது, அருங்காட்சியகத்தில் கிடந்து தூசு படிந்திருக்கும், அவ்வளவுதான் என்பது அவன் பதில்.

இந்தப் பதிலின் எடை, 1989இல் வந்த ‘தி லாஸ்ட் குரூசேட்’ படத்தைப் பார்த்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும். அதில் கொரோனாடோவின் சிலுவை தனியார் கையில் இருக்கக் கூடாது, அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்று சிறுவனாகவும் பெரியவனாகவும் கத்துபவன் இதே ஜோன்ஸ்தான். மாயாபூரில் மட்டும் ஒரு பொருளுக்கு அதை வணங்கும் ஊரே வீடு என்று ஒப்புக்கொள்கிறான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனந்தமங்கலம் கோயிலிலிருந்து 1978இல் களவுபோன ராமர், சீதை, லட்சுமணர் செப்புத் திருமேனிகள் லண்டனிலிருந்து 2020இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டன. அந்த ஊர் மக்களிடம் கேட்டால், திரும்பி வந்தது கலைப்பொருள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சாமி வந்தது என்பார்கள். கடைசிக் காட்சியில் மாயாபூர்ப் பெரியவர் அந்தக் கல்லை வாங்கிக்கொள்வதும் அப்படித்தான்.

ஒரு வருடம் கழித்து

இந்த மாற்றம் நிலைத்ததா? இதற்கு இந்தப் படவரிசையே சங்கடமான பதிலைச் சொல்கிறது.

முதலில் வெளியான ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ 1981இல் வந்தது. ஆனால் அதன் கதை நடப்பது 1936இல், அதாவது மாயாபூர்க் குழந்தைகளை மீட்டதற்கு அடுத்த ஆண்டு. அந்தப் படத்தில் எகிப்தின் பாலைவனத்தில் ஜெர்மானியர்கள் போட்ட கூடாரத்துக்குள் ஜோன்ஸ் நுழையும்போது, இறந்துவிட்டதாக அவன் நினைத்திருந்த பழைய காதலி மேரியன் அங்கே கட்டிப்போடப்பட்டிருக்கிறாள். கட்டை அவிழ்க்கத் தொடங்குகிறான். பிறகு யோசிக்கிறான். அவளைக் கூட்டிப்போனால் முகாமே விழித்துக்கொள்ளும், அவன் தேடி வந்த, புதைந்திருக்கும் பேழையைத் தோண்ட முடியாது. அவள் வாயை மறுபடியும் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். சுரங்கத்தில் கல்லெறிந்தவனா இவன் என்று கேட்கத் தோன்றும்.

பின்னால் எடுத்த படத்தின் கதையை முன்னால் வைத்ததால் விழுந்த முரண் இது என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனாலும் அந்த முரண் வாழ்க்கைக்கு அருகில் இருக்கிறது. வெள்ளத்தின்போது முகம் தெரியாதவர்களைத் தோளில் சுமந்து கரை சேர்த்த மனிதர், அடுத்த மாதமே அண்ணன் தம்பியோடு வரப்புத் தகராறில் நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒருமுறை கனிந்த மனம் அப்படியே இருந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் கையில் இருப்பதை விட வேண்டிய கட்டம் புதிதாக வருகிறது. 1938இல் நடக்கும் மூன்றாவது கதையான ‘தி லாஸ்ட் குரூசேட்’டில் ஜோன்ஸ் பாதாளத்தின் விளிம்பில் தொங்கியபடி புனிதக் கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறான். இன்னும் ஓர் அங்குலம் எட்டினால் போதும். மேலே அவன் ஒரு கையைப் பிடித்திருக்கும் தந்தை, வாழ்நாள் முழுவதும் அந்தக் கிண்ணத்தையே தேடியவர், அதை விட்டுவிடு என்கிறார். மகன் விடுகிறான். மாயாபூரில் கற்ற பாடத்தை மூன்று ஆண்டு கழித்து இன்னொருவர் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே படத்தில் இரண்டு விருந்து

இனி கசப்பான பக்கம். படத்தை இந்தியாவில், ஜெய்ப்பூரை அடுத்த ஆமேர் கோட்டையில் எடுக்கவே முதலில் திட்டமிட்டார்கள். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது, அவர்கள் மாற்றவில்லை, அனுமதி கிடைக்கவில்லை. 1983இல் படக்குழு இலங்கையின் கண்டிக்குப் போனது. மகாவலி ஆற்றில் அப்போது கட்டப்பட்டுவந்த விக்டோரியா அணைக்கு அருகில், அந்த அணையின் பொறியாளர்கள் உதவியோடுதான் கயிற்றுப் பாலம் கட்டப்பட்டது. உள்காட்சிகள் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டன. ஊர்ப் பெரியவராக நடித்தவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி.ஆர். நாணயக்கார. ஆங்கிலம் அறியாத அவருக்கு ஸ்பீல்பெர்க் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல, அவர் ஒலியைப் பிடித்துச் சொன்னார். சொல்லுக்குச் சொல் அவர் நிறுத்துகிற அந்த இடைவெளிதான் ஊரின் துக்கத்துக்கே குரல் கொடுத்தது போல் அமைந்துவிட்டது. ஆனால் இமயத்தின் அடிவாரத்துக் கிராமம் என்று சொல்லிவிட்டு ஊர் மக்களைச் சிங்களம் பேச வைத்தது அலட்சியம். பார்க்கப்போகிறவர்களுக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது என்ற நினைப்பு.

அந்த நினைப்பின் முழு உருவம் பாங்கோட் அரண்மனை விருந்து. பாம்பின் வயிற்றைக் கிழித்து உயிருள்ள விலாங்குக் குட்டிகள், வறுத்த வண்டு, கண்முழி மிதக்கும் சூப், குளிரூட்டிய குரங்கு மூளை. எந்த இந்திய அரண்மனையிலும் பரிமாறப்படாத பட்டியல். மோலா ராம் தலைமையேற்கும் தக்கர் கூட்டமும் அப்படித்தான். தக்கர்கள் என்று ஆங்கிலேய அரசு குறித்துவைத்தவர்கள் வழிப்போக்கர்களின் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்கள். 1830களில் வில்லியம் ஸ்லீமன் என்ற அதிகாரி அவர்களை ஒடுக்கினார். காலனி அரசு அவர்களைப் பற்றி எழுதிவைத்ததில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பாதாளக் கோயிலும் குழந்தைச் சுரங்கமும் அந்தப் பதிவுகளில் இல்லை. அவை ஹாலிவுட் போட்ட ஒட்டு. 1939இல் வந்த ‘குங்கா தின்’ படத்தின் சாயல் இது. காளியோ தமிழ்நாட்டுக் கிராமங்களின் எல்லையில் குடியிருக்கும் தாய். அம்மை போட்டாலும் மழை பொய்த்தாலும் கூழ் காய்ச்சி ஊற்றி ‘ஆத்தா’ என்று கூப்பிடுகிற தெய்வத்தை, குழந்தைகளை விழுங்கும் பூதமாகப் பார்த்தவர்களின் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. இந்தியாவில் படம் சிறிது காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. போதாததற்கு, பாலத்துச் சண்டையின் முடிவில் ஆபத்பாந்தவனாக வந்து சேர்வது பிரிட்டிஷ் ராணுவம். 1935இல் அதே ராணுவம் இந்தியாவில் எதற்காக இருந்தது என்று படம் கேட்கவே இல்லை.

மோலா ராமாக நடித்த அம்ரிஷ் புரியும், அரண்மனைத் திவானாக நடித்த ரோஷன் சேத்தும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’யில் நடித்தவர்கள். சேத் அதில் நேரு. இந்தப் படத்துக்காகத் தலையை மழித்துக்கொண்ட புரியை 1991இல் தமிழர்கள் ‘தளபதி’யின் கலிவர்தனாகப் பார்த்தார்கள். இந்தியாவை மரியாதையோடு காட்டிய ஒரு படமும் கேலிப்பொருளாக்கிய ஒரு படமும் ஒரே நடிகர்களைக் கொண்டு, இவ்வளவு குறுகிய இடைவெளியில் வந்திருக்கின்றன. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

இதைவிட வலிமையான சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது. பாங்கோட் விருந்துக்கு முன்பு மாயாபூரிலும் ஒரு விருந்து நடக்கிறது. வறண்டுபோன அந்த ஊரில் இருப்பதைத் திரட்டி விருந்தாளிகள் முன் வைக்கிறார்கள். வில்லி முகம் சுளித்து ஒதுக்குகிறாள். ஜோன்ஸ் அவளைக் கண்டிக்கிறான். இவர்கள் ஒரு வாரத்துக்குச் சாப்பிடுவதைவிட இது அதிகம், சாப்பிடாவிட்டால் இவர்களை அவமதிப்பதாகும் என்கிறான். விருந்தோம்பும் ஏழையின் தன்மானத்தை இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான், அடுத்த பந்தியில் குரங்கு மூளையைப் பரிமாறி அரங்கத்தைச் சிரிக்க வைத்தார்கள். இரக்கத்துக்கும் மரியாதைக்கும் நடுவே இருக்கும் தூரம் இந்த இரண்டு பந்திகளுக்கு நடுவே இருக்கிறது. குழந்தைகள் மேல் படத்துக்கு இரக்கம் இருந்தது. அந்தக் குழந்தைகளைப் பெற்ற மக்களின் தெய்வத்தின் மீதும் உணவின் மீதும் மரியாதை இல்லாமல் போயிற்று.

ஒன்பது ஆண்டுகள் கழித்து

அமெரிக்காவிலும் இந்தப் படத்துக்கு எதிர்ப்பு எழுந்தது, வேறு காரணத்துக்காக. இதயத்தைப் பிடுங்கும் காட்சியைப் பிள்ளைகளோடு பார்த்த பெற்றோர் பதறிப்போனார்கள். 13 வயதுக்குட்பட்டவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் ‘பிஜி-13’ என்ற புதிய தணிக்கைப் பிரிவு 1984 ஜூலையில் வந்ததற்கு இந்தப் படமும் ‘கிரெம்லின்ஸ்’ படமும் முக்கியக் காரணம். படம் அளவுக்கு மீறி இருண்டுவிட்டது என்று ஸ்பீல்பெர்க்கே பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார்.

ஆனால் தன்னலக்காரன் மனம் மாறும் இந்தக் கதையை அவர் கைவிடவில்லை என்றே தோன்றுகிறது. 1993இல் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ எடுத்தார். போர்க்காலத்தில் பணம் பண்ணலாம் என்று போலந்தின் கிராகோ நகருக்கு வரும் ஜெர்மானிய வியாபாரி ஆஸ்கர் ஷிண்ட்லர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களின் உயிரைக் காக்கத் தன் செல்வத்தையெல்லாம் செலவழித்த உண்மைக் கதை. அவரும் செல்வத்தையும் புகழையும் தேடி வந்தவர்தான். அவர் மனம் திரும்பும் இடத்தை ஸ்பீல்பெர்க் எப்படி எடுத்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். குன்றின் மேல் குதிரையில் நிற்கும் ஷிண்ட்லர் கீழே பார்க்கிறார். யூதர் குடியிருப்பு சூறையாடப்படுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக் கோட்டு அணிந்த சிறுமி ஒருத்தி மட்டும் கூட்டத்துக்குள் நடந்து போகிறாள். உயரத்தில் ஒரு மனிதன், கீழே ஒரு குழந்தை. பாங்கோட் சுரங்கத்தின் விளிம்பில் ஜோன்ஸ் நின்ற அதே அமைப்பு. இறுதியில் ஷிண்ட்லர் தன் கோட்டில் குத்திய தங்க ஊசியைப் பார்த்து அழுகிறார். இதை விற்றிருந்தால் இன்னும் ஓர் உயிரையாவது மீட்டிருக்கலாமே என்று. கையில் இருக்கும் பொருளை ஓர் உயிரோடு வைத்து நிறுக்கும் கணக்கு, மாயாபூரில் கல்லைத் திருப்பிக் கொடுத்தபோது தொடங்கியதுதான்.

வேறுபாடு எங்கே என்றால், இந்த முறை ஸ்பீல்பெர்க் யாருடைய கதையைச் சொன்னாரோ அந்த மக்களிடம் போனார். கிராகோவிலேயே படமெடுத்தார். ஷிண்ட்லரால் பிழைத்தவர்களையே கடைசிக் காட்சியில் திரைக்குக் கொண்டுவந்தார். படத்துக்குச் சம்பளம் வாங்கவில்லை. அடுத்த ஆண்டே, உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்ய ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். கண்டியில் இல்லாத மரியாதை கிராகோவில் இருந்தது. தன் இனத்தின் துயரம் என்பதால் அது எளிதாக வந்திருக்கலாம். இந்தியாவை நோக்கி அந்த மரியாதை திரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது என்பதால், பழைய குறை இன்னும் அப்படியே நிற்கிறது.

தீப்பந்தம் பிடித்த சிறுவன்

ஷார்ட் ரவுண்டாக நடித்த கே ஹுய் குவான் 1971இல் வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். போருக்குப் பின் அந்த நாட்டைவிட்டுப் படகில் தப்பியவர்களில் ஒருவர். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவரும் தந்தையும் சில உடன்பிறப்புகளும் ஹாங்காங்கின் அகதிகள் முகாமுக்கும், தாயும் மற்றவர்களும் மலேசியாவுக்கும் போய், 1979இல் அமெரிக்காவில் ஒன்றுசேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சைனாடவுன் பள்ளியில் நடிகர் தேர்வு நடந்தபோது அவர் போனது தம்பிக்குத் துணையாக. வாய்ப்பு அவருக்கே வந்தது. குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்து தெருவுக்கு வந்த பையனாக நடிக்க அவருக்கு யாரும் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

வளர்ந்த பிறகு ஆசிய முகத்துக்கு ஹாலிவுட்டில் வேடம் கிடைக்காமல் நடிப்பையே விட்டுவிட்டார். பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, 2023 மார்ச் 12 அன்று ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார். மேடையில் அகதி முகாமைப் பற்றி அழுதுகொண்டே பேசினார். அதே இரவின் கடைசியில், சிறந்த படத்துக்கான உறையைப் பிரித்து அதே படத்தின் பெயரை வாசித்தவர், இண்டியானா ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு. குவான் மேடையேறி ஓடி அவரைக் கட்டிக்கொண்டார். 39 ஆண்டுக்கு முன் தீப்பந்தத்தோடு ஓடி வந்த பையனை அந்த ஓட்டத்தில் பார்த்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள்.

இந்தப் படம் இப்போது வீட்டுத் திரைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தடைசெய்வதாலோ, பழைய படம்தானே என்று கண்டுகொள்ளாமல் விடுவதாலோ அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திப் பேசினால் நல்லது. மாயாபூரில் எளிய சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு ஊரே பார்த்திருக்கும் இடம் ஒன்று. பாங்கோட்டில் வெள்ளித் தட்டு திறக்கும் இடம் இன்னொன்று. இந்த இரண்டில் எந்தப் பந்தியில் நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் பதில் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ரிமோட்டை அவர்களிடமே கொடுத்து, சுரங்கத்தின் விளிம்புக்குப் போகும் அந்த நடையைச் சத்தம் கூட்டிப் பார்க்க விடலாம்.